மூன்று மாதத்துக்கு ஓர் அறை: மியூனிக்கில் அது யாருடையது, எப்போது காலியாகும்?

ஒவ்வொரு வருடமும் மார்ச் பிறந்தால் எனக்கு ஊரிலிருந்து போன் வர ஆரம்பித்துவிடும். கல்லூரி ஜூனியர்கள், அவர்களுடைய நண்பர்கள், ஒரு தடவை அத்தை வீட்டுக்குப் பக்கத்து வீட்டுப் பையன். கேள்வி ஒன்றுதான்: "அண்ணா, மே மாசம் மியூனிக்ல இன்டர்ன்ஷிப் கிடைச்சிருக்கு, மூணு மாசத்துக்கு ஒரு ரூம் வேணும், ஐந்நூறு யூரோவுக்குள்ள கிடைக்குமா?" வாழ்த்து சொல்லிவிட்டு நான் முதலில் கேட்பது, "மே மாசமே வந்தாகணுமா, ஆகஸ்டுக்குத் தள்ள முடியுமா?" என்பது. பலருக்கு இது சம்பந்தமில்லாத கேள்வியாகத் தெரிகிறது. ஆனால் இந்த ஊரில் குறுகிய கால அறை கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் கையில் எவ்வளவு பணம் இருக்கிறது என்பதைவிட எந்த மாதத்தில் தேடுகிறோம் என்பதைத்தான் பொறுத்திருக்கிறது.

விலையை முதலில் பார்த்துவிடலாம். நாலைந்து பேர் சேர்ந்து எடுத்திருக்கும் வீட்டில் ஆளுக்கு ஓர் அறை, சமையலறையும் குளியலறையும் பொது என்று இருப்பதை இங்கே வே-கே என்பார்கள். அப்படி ஓர் அறைக்கு மியூனிக்கில் 2025இல் கேட்கப்பட்ட சராசரி வாடகை 800 யூரோ. ஜெர்மனி முழுவதற்குமான சராசரி 500ஐ ஒட்டித்தான் இருந்தது. வசதியில்லாத ஜெர்மன் மாணவர்களுக்கு அரசு கொடுக்கும் உதவித்தொகையில் வீட்டுச் செலவுக்கு என்று 2025இல் வைத்திருந்தது 380 யூரோ, அதாவது இந்த ஊர் அறையில் பாதிகூட இல்லை. இந்தியாவிலிருந்து படிக்க வருகிறவர்கள் விசாவுக்காக பிளாக்டு அக்கவுண்ட்டில், அதாவது மாதாமாதம் ஒரு பங்கை மட்டும் எடுக்கக்கூடிய கணக்கில், போட்டுக் காட்டவேண்டிய தொகை 2024 செப்டம்பரிலிருந்து மாதத்துக்கு 992 யூரோ, வருடத்துக்கு 11,904. அந்த 992இல் 800 வாடகைக்குப் போனால் மிச்சம் 192. மாணவர் ஹெல்த் இன்சூரன்ஸ் மட்டும் நூறைத் தாண்டிவிடும். சாப்பாட்டை எங்கே வைப்பது?

இவ்வளவு விலை ஏன்? பிஎம்டபிள்யூ, சீமென்ஸ், அலியான்ஸ் மாதிரி நிறுவனங்களின் தலைமையகங்கள் இங்கேதான், நல்ல சம்பளக்காரர்களும் மாணவர்களும் ஒரே அறைக்குப் போட்டி போடுகிறார்கள். நகரத்தின் பரப்பு ஏறத்தாழ 310 சதுர கிலோமீட்டர்தான், அதற்குள் 15 லட்சத்துக்கு மேல் மக்கள், ஜெர்மனியின் பெருநகரங்களில் இதுதான் மிக நெருக்கமானது. மேலே கட்டலாமே என்றால், 2004இல் ஊர்மக்கள் வாக்கெடுப்பு நடத்தி 100 மீட்டருக்கு மேல் கட்டடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஃபிரௌவன் தேவாலயத்துக் கோபுரங்களின் உயரம் கிட்டத்தட்ட அவ்வளவுதான், அதை எதுவும் மறைக்கக்கூடாது என்பது அவர்கள் ஆசை. கோயில் கோபுரத்தைவிட உயரமாக வீடு கட்டக்கூடாது என்ற பேச்சைக் கேட்டு வளர்ந்த நமக்கு அது புரியாத விஷயமல்ல. இதற்கு நடுவே லுட்விக் மாக்சிமிலியன் பல்கலைக்கழகம், தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஒவ்வொன்றிலும் ஐம்பதாயிரம் மாணவர்களுக்கு மேல்.

சரி, மாணவர் விடுதி? அவற்றில் பெரும்பகுதியை நடத்துவது ஷ்டூடியரெண்டன்வெர்க் என்ற மாணவர் நல அமைப்பு. வாடகை வெளியே இருப்பதில் பாதிக்கு அருகில் வரும், அதனாலேயே காத்திருப்புப் பட்டியல் ஒரு செமஸ்டரிலிருந்து பல செமஸ்டர் வரை நீளும். மூன்று மாதத்துக்கு வருகிறவர் அதில் பெயர் கொடுத்துக் காத்திருந்தால் ஊருக்குத் திரும்பிய பிறகுதான் முறை வரும். இதில் எனக்கு ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. நகரின் வடக்கே ஃப்ரைமானில், ஆங்கிலப் பூங்காவை ஒட்டி, ஷ்டூடென்டன்ஷ்டாட் என்ற பெரிய விடுதி வளாகம் இருக்கிறது, பெயருக்கே மாணவர் நகரம் என்றுதான் பொருள். 2021 பிப்ரவரியில் அதன் அடுக்குமாடி ஒன்றில் தீப்பிடித்து ஓர் இளம்பெண் இறந்துபோனார். அதற்குப் பிறகு பாதுகாப்புக் குறைகள் வெளியே வந்து, உயரமான கட்டடங்களைக் காலி செய்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட அறைகள் வருடக்கணக்கில் இருட்டாகக் கிடந்தன. யு6 ரயிலில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், ஒரு பக்கம் அறை கிடைக்காமல் பயணிகள் தங்கும் ஹாஸ்டல் படுக்கையில் பெட்டியைக் கட்டிப்பிடித்துத் தூங்கும் பிள்ளைகள், இன்னொரு பக்கம் விளக்கெரியாத ஜன்னல்கள் என்று மனசு அடித்துக்கொள்ளும்.

இப்போது மாதக் கணக்குக்கு வருகிறேன்.

குறுகிய கால அறைகளுக்கு ஜெர்மனில் ட்ஸ்விஷன்மீட்டே என்று பெயர், இடைக்கால வாடகை. ஏற்கெனவே அந்த அறையில் குடியிருக்கும் ஒருவர் கொஞ்ச நாள் வெளியூர் போகிறார், போகிற காலத்துக்கு வாடகையைச் சும்மா கட்ட மனமில்லை, அதனால் கட்டில் மேசை புத்தகங்களோடு அப்படியே உங்களிடம் கொடுத்துவிட்டுப் போகிறார். ஆகவே காலி வீட்டைத் தேடுவதில் பயனில்லை, ஊரில் இல்லாத ஆளைத் தேடவேண்டும். யார், எப்போது, எதற்காக ஊரைவிட்டுப் போகிறார்கள் என்று யோசித்தால் வழி தெரிந்துவிடும்.

இங்கே குளிர்கால செமஸ்டர் வகுப்புகள் அக்டோபர் நடுவில் தொடங்கி பிப்ரவரி தொடக்கம் வரை. கோடை செமஸ்டர் ஏப்ரல் நடுவிலிருந்து ஜூலை வரை. நடுவில் இரண்டு பெரிய இடைவெளிகள்: பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை ஒன்று, ஆகஸ்டிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை மற்றொன்று. இந்த இடைவெளிகளில் மாணவர்கள் பரீட்சையை முடித்துக்கொண்டு அப்பா அம்மா வீட்டுக்கோ ஊர் சுற்றவோ போவார்கள், அறைகள் தாராளமாக வெளியே வரும். நம்முடைய கோடை விடுமுறையோ மே, ஜூன், ஜூலை. இந்தியப் பொறியியல் மாணவர்கள் ஜெர்மனிக்கு ஆய்வு இன்டர்ன்ஷிப் வருவதும் பெரும்பாலும் அந்த மூன்று மாதத்தில்தான், டாட் என்ற ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பின் வைஸ் உதவித்தொகையில் வருகிறவர்களும் அப்படியே. அது இவர்களுக்கு வகுப்பு மும்முரமாக நடக்கும் காலம், எல்லாரும் ஊரில் இருப்பார்கள், அறை எப்படிக் காலியாகும்? இரண்டு நாட்டு விடுமுறையும் ஒத்துவராததுதான் பாதிப் பிரச்சினை. இதைப் புரிந்துகொள்ளாமல், நமக்கு அதிர்ஷ்டமில்லை என்றோ நம் பெயரைப் பார்த்துவிட்டுப் பதில் போடவில்லை என்றோ பலர் நொந்துபோகிறார்கள். பெயரைப் பார்த்து ஒதுக்குகிறவர்களும் இருக்கிறார்கள், அதை நான் மறுக்கவில்லை, ஆனால் எல்லா மௌனத்துக்கும் அது காரணமல்ல.

அப்படியானால் மே மாதம் வந்தே ஆகவேண்டியவர் என்ன செய்வது? கோடை செமஸ்டரை வேறு நாட்டில் கழிக்கப் போகிறவர்களைத் தேடவேண்டும். எராஸ்மஸ் என்ற ஐரோப்பிய மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஸ்பெயினுக்கோ இத்தாலிக்கோ போகிறவர், வேறு நகரத்தில் இன்டர்ன்ஷிப் எடுத்தவர், தீசிஸ் எழுத வெளிநாட்டு ஆய்வகத்துக்குப் போகிறவர். இவர்களில் பலர் ஏப்ரலில் கிளம்பி ஆகஸ்டில் திரும்புவார்கள், பிப்ரவரியிலேயே விளம்பரம் போட்டுவிடுவார்கள். ஏப்ரலிலிருந்து எடுத்தால் உங்களுக்கு ஒரு மாத வாடகை வீணாகும்தான். ஆனால் மே முதல் தேதி வந்து இறங்கி ஒரு மாதம் ஹாஸ்டலில் தங்கித் தேடும் செலவோடு ஒப்பிட்டால் அது குறைவு. ஆகஸ்டுக்குத் தள்ளிப்போட முடிந்தவர்களுக்கு வேலை இன்னும் எளிது. ஒன்றே ஒன்று, செப்டம்பர் பிற்பாதியில் வந்து இறங்கித் தேடும்படி வைத்துக்கொள்ளாதீர்கள். செப்டம்பர் நடுவை ஒட்டித் தொடங்கி அக்டோபர் முதல் வாரம் வரை அக்டோபர்ஃபெஸ்ட் நடக்கும். சித்திரைத் திருவிழா வாரத்தில் மதுரையில் லாட்ஜ் தேடிப் பார்த்தவர்களுக்கு அந்த நிலைமையை நான் விளக்கவேண்டியதில்லை. போதாக்குறைக்கு அக்டோபரில் சேரும் புது மாணவர்களும் அதே வாரங்களில்தான் வந்து இறங்குகிறார்கள், ஓர் இரவுக்கு இருபது யூரோ என்று நினைத்து வந்த ஹாஸ்டல் படுக்கைக்கு என்ன விலை சொல்வார்கள் என்றே தெரியாது.

ஆளில்லாத அறையைத் தேடச் சொல்வதற்கு விலையும் ஒரு காரணம். வெளியூர் போகிறவருக்கு லாபம் நோக்கமில்லை, தன் வாடகை வீணாகாமல் இருந்தால் போதும், அதனால் அவர் எவ்வளவு கட்டுகிறாரோ ஏறத்தாழ அதையே கேட்பார். பழைய ஒப்பந்தத்தில் பல வருடமாக இருப்பவர் என்றால் அது சந்தை விலையைவிட நன்றாகவே குறைவாக இருக்கும். மாணவர் விடுதி அறைகளும் இப்படிக் கிடைப்பதுண்டு. விடுதியில் குடியிருப்பவர் நிர்வாகத்திடம் அனுமதி வாங்கி, தான் இல்லாத மாதங்களுக்கு இன்னொரு மாணவருக்கு விடலாம். 1972 ஒலிம்பிக்ஸில் வீராங்கனைகள் தங்கிய குட்டி வீடுகள் இருந்த இடத்தில் பிற்பாடு புதிதாகக் கட்டிய 1,052 சின்னச் சின்ன பங்களாக்கள் மாணவர் விடுதியாக இருக்கின்றன, மாணவர்கள் முன்சுவரில் அவரவர் இஷ்டத்துக்குப் படம் வரைந்திருப்பார்கள். அதில் ஒன்றில் மூன்று மாதம் இருந்த தம்பி ஒருவன் இன்றும் அதைப் பற்றியே பேசுகிறான். விடுதிக்கு நேராக விண்ணப்பித்திருந்தால் அவன் உள்ளேயே போயிருக்க முடியாது.

இதற்கு நேர் எதிரானது, குறுகிய காலத்துக்கென்றே ஃபர்னிஷ் செய்து வாடகைக்கு விடப்படும் வீடுகள். படங்கள் பளிச்சென்று இருக்கும், ஆயிரத்தைத் தாண்டிக் கேட்பார்கள். ஜெர்மன் வாடகைச் சட்டம் குடியிருப்பவர் பக்கம் நிற்கும் சட்டம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், அது உண்மைதான். சாதாரண ஒப்பந்தத்துக்குக் காலக்கெடுவே கிடையாது, தேதி போட்டு முடிக்கவேண்டும் என்றால் சட்டம் ஏற்கும் காரணம் வேண்டும். 2015இலிருந்து, நெருக்கடியான நகரங்களில் புதிதாக விடும் வீட்டுக்கு அந்தப் பகுதியின் ஒப்பீட்டு வாடகையைவிட 10 சதவீதத்துக்கு மேல் கேட்கக்கூடாது என்ற கட்டுப்பாடும் வந்துவிட்டது. ஆனால் 'தற்காலிகப் பயன்பாட்டுக்கு' விடும் வீடு இந்தப் பாதுகாப்பில் பெரும்பகுதிக்கு வெளியே நிற்கிறது. நிலையாக இருக்கிறவர்களைக் காப்பாற்ற எழுதிய சட்டம், வந்துபோகிறவர்களைக் கதவுக்கு வெளியே விட்டுவிட்டது. நிலையாகக் குடிவைத்தால் கட்டுப்பாடு, தற்காலிகமாக விட்டால் சுதந்திரம் என்றால் வீட்டுக்காரர் எதைத் தேர்ந்தெடுப்பார்? அடிக்கடி ஆள் மாறும் மாணவர்களும் இன்டர்ன்களும் இதற்கு விலை கொடுக்கிறார்கள். இதை மாற்றச் சட்டம் வேண்டும், தனி ஆள் சாமர்த்தியம் போதாது என்பது என் கருத்து.

உள்வாடகைக்கு எடுக்கும்போது ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். உங்களுக்கு அறை கொடுப்பவர் வீட்டு உரிமையாளர் அல்ல, அவரும் வாடகைக்கு இருப்பவர்தான். உரிமையாளர் சம்மதம் இல்லாமல் அவர் விட்டிருந்தால், பிரச்சினை வந்தவுடன் அவருடைய ஒப்பந்தமும் உங்கள் கூரையும் சேர்ந்தே போகும். அதனால் சம்மதக் கடிதத்தின் நகலைக் கேளுங்கள், கேட்பதில் தப்பே இல்லை, ஒழுங்கானவர் கோபித்துக்கொள்ள மாட்டார். முன்பணம் விஷயத்தில் சென்னையின் அட்வான்ஸைப் பார்த்து வந்தவர்களுக்கு இங்கே நிம்மதி: செலவுகள் சேராத வாடகையில் மூன்று மாதத்துக்கு மேல் சட்டப்படி கேட்க முடியாது, அதையும் மூன்று தவணையாகக் கட்டலாம். மூன்று மாத அறைக்குப் பொதுவாக ஒரு மாதத் தொகைதான் கேட்பார்கள். உள்ளே போன அன்றே சுவர், தரை, மெத்தை, அடுப்பு எல்லாவற்றையும் போட்டோ எடுத்து அவருக்கே அனுப்பிவையுங்கள்.

அப்புறம் ஆன்மெல்டுங். நான் பட்டது இதில்தான், அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். ஜெர்மனியில் குடியேறினால் இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்யவேண்டும். அதற்கு, இவர் இங்கே குடிவந்திருக்கிறார் என்று வீடு கொடுத்தவர் கையெழுத்திட்ட சான்று வேண்டும், வாடகை ஒப்பந்தத்தைக் காட்டினால் போதாது. 2015 நவம்பரிலிருந்து இதுதான் நடைமுறை. நான் படிக்க வந்த வருடம், முதல் அறையின் விளம்பரத்தில் "ஓனே ஆன்மெல்டுங்", அதாவது பதிவு கிடையாது என்று சின்ன எழுத்தில் இருந்தது. அறை கிடைத்த சந்தோஷத்தில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பதிவுச் சான்று இல்லாமல் நான் போன வங்கியில் கணக்குத் திறக்க மறுத்தார்கள். நடப்புக் கணக்கு இல்லாமல் பிளாக்டு அக்கவுண்ட்டிலிருந்து மாதப் பணம் வராது. அப்பா நிலத்தை அடகு வைத்துக் கட்டிய பணம் கண்ணெதிரே இருந்தும் தொட முடியாமல், ஏழு வாரம் நண்பர்களிடம் கடன் வாங்கிச் சாப்பிட்டேன். எனக்கு அறை கொடுத்தவரிடம் எத்தனை தடவை கேட்டும் கையெழுத்துப் போடவில்லை. உரிமையாளருக்கே தெரியாமல் விட்டிருக்கிறார் என்பது பிறகு தெரிந்தது.

படிக்க வருகிறவர்களுக்கு நான் சொல்வது: பதிவு இல்லாத அறை என்றால் நூறு யூரோ குறைவாக இருந்தாலும் வேண்டாம். ரெசிடென்ஸ் பெர்மிட்டுக்கும் அந்த முகவரிதான் அடிப்படை. பணம் கொடுத்தால் முகவரி தருகிறேன் என்று சிலர் வருவார்கள், குடியிருக்காத ஒருவருக்கு இப்படி முகவரி கொடுப்பவருக்கு 50,000 யூரோ வரை அபராதம் விதிக்கலாம், அந்தப் பக்கமே போகாதீர்கள். ஆனால் மூன்று மாதத்துக்குள் திரும்பும் இன்டர்ன்களின் கதை வேறு. வெளிநாட்டில் வசிப்பவர், ஜெர்மனியில் வேறெங்கும் பதிவு இல்லாதவர், மூன்று மாதத்துக்கு மேல் தங்கவில்லை என்றால் அவருக்குப் பதிவுக் கடமையே கிடையாது. மாணவர்கள் ஒதுக்கும் பல நல்ல அறைகள் அவர்களுக்குப் பொருந்தும். இந்த வித்தியாசம் தெரியாமல் இரண்டு தரப்பும் தவறான அறைகளுக்கு வரிசையில் நிற்பதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

ஏமாற்றுக்காரர்கள் எல்லா விலை உயர்ந்த ஊரிலும் இருப்பார்கள், இங்கே அவர்களுடைய கதை பெரும்பாலும் ஒரே மாதிரி. நடுவூர்ப் பகுதியான ஷ்வாபிங்கில் முழு வீடு, 450 யூரோ, அழகான படங்கள். உரிமையாளர் வேலை விஷயமாக வேறு நாட்டில் இருக்கிறார், வீட்டைக் காட்ட முடியாது, பணம் அனுப்பினால் சாவியைத் தபாலில் அனுப்புவார், பிடிக்காவிட்டால் பணம் திரும்ப வரும். நம்பிக்கைக்காகப் பாஸ்போர்ட் நகல் வேண்டும் என்பார், அந்த நகலை வைத்து அடுத்த ஆளை ஏமாற்றுவார். வீடியோ காலில் அறையிலிருந்து ஜன்னல் வழியாகத் தெருவைக் காட்டச் சொல்லுங்கள், கதவு மணியில் இருக்கும் பெயரைக் காட்டச் சொல்லுங்கள், இங்கே ஒரே ஒரு ஆள் தெரிந்திருந்தாலும் அவரை நேரில் போய்ப் பார்த்துவரச் சொல்லுங்கள். இந்த வேலையை யார் கேட்டாலும் நான் செய்வேன், என்னைப் போலப் பலரும் செய்வார்கள், வெட்கப்படாமல் கேளுங்கள்.

இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மாக்ஸ்ஃபோர்ஷ்டாட், ஷ்வாபிங் என்று நடுவூரிலேயே தேடவேண்டாம். தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், இயற்பியல், கணினித் துறைகள் பலவும் கார்ஷிங்கில் இருக்கின்றன, அது நகரத்துக்கு வெளியே யு6 ரயிலின் வடகோடி. அங்கே வேலை என்றால் சுற்றியுள்ள ஊர்களான ஃப்ரைசிங், டாகாவ் பக்கம்கூடப் பார்க்கலாம். ஜெர்மனி முழுவதும் உள்ளூர், வட்டார ரயில் பஸ்களில் போகும் டாய்ச்லாண்ட் டிக்கெட் 2025இல் மாதம் 58 யூரோவாக இருந்தது, 2026இல் 63. அதை வைத்துக்கொண்டு ஆக்ஸ்பர்க்கிலிருந்து தினமும் வந்துபோகிறவர்களும் இருக்கிறார்கள், ஒரு வழிக்கே முக்கால் மணி நேரம் போல ஆகும், ரயில் தாமதமானால் நாள் போய்விடும், அதை வேறு வழியில்லாதவர்களுக்கு மட்டும் சொல்வேன். ஒரு செமஸ்டருக்கு மேல் இருப்பவர்கள் 'உதவிக்கு வீடு' திட்டத்தைப் பார்க்கலாம்: தனியாக இருக்கும் முதியவர் அறை கொடுப்பார், வாடகைக்குப் பதில் ஒரு சதுர மீட்டருக்கு மாதம் ஒரு மணி நேரம் தோட்டவேலை, கடைக்குப் போவது மாதிரி உதவி செய்யவேண்டும், மின்சாரம் தண்ணீர்ச் செலவை மட்டும் கட்டினால் போதும். நோயாளியைப் பராமரிக்கும் வேலை அதில் சேராது. தாத்தா பாட்டியோடு வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இது இயல்பாகவே வருகிறது, ஜெர்மன் மொழியும் சீக்கிரம் பழகும்.

விளம்பரத்துக்கு எழுதும் கடிதம். ஓர் அறைக்கு ஒரே நாளில் நூறு கடிதம்கூட வரும், வீட்டில் இருப்பவர்கள் மேலாகப் படித்துவிட்டு நாலைந்து பேரைத்தான் கூப்பிடுவார்கள். பயோடேட்டா அனுப்பாதீர்கள், உங்கள் மதிப்பெண் அவர்களுக்கு எதற்கு? முதல் இரண்டு வரியில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்பதைச் சொல்லுங்கள், அவர்கள் விளம்பரத்தில் எழுதியிருக்கும் ஏதாவது ஒன்றைப் பற்றிப் பேசுங்கள், முடிந்தால் ஜெர்மனில் எழுதுங்கள், தப்பிருந்தாலும் பரவாயில்லை. சமையல் பிடிக்கும் என்றால் தைரியமாகச் சொல்லுங்கள், ஒரு நாள் எல்லாருக்கும் தோசை சுட்டுத் தருகிறேன் என்ற வரியில் அறை கிடைத்த இரண்டு பேரை எனக்குத் தெரியும். ஆனால் சமைத்தால் ஜன்னலை முழுசாகத் திறந்து பத்து நிமிடம் விடவேண்டும், குளிர்காலத்திலும்தான். குக்கர் ஆவியும் தாளித்த ஈரமும் வெளியே போகாவிட்டால் இந்த ஊர் இறுக்கமான சுவர்களில் பூஞ்சை பிடிக்கும், முன்பணத்தில் கழிப்பதற்கு அவர்கள் சொல்லும் முதல் காரணமே அதுதான்.

இந்த டிசம்பரில் நான் ஆறு வாரம் திருச்சிக்குப் போகிறேன். வீட்டு உரிமையாளரிடம் கடிதம் வாங்கியாகிவிட்டது, நான் கட்டும் அதே வாடகைக்கு அறையை விளம்பரத்தில் போட்டிருக்கிறேன். சாவியைக் கீழ்வீட்டு அம்மாவிடம் கொடுத்துவைப்பேன், இட்லிப் பானை அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது.